கையை அந்தரத்தில் விடாதீர்கள்: தோள்வலியோடு தூங்குவது பற்றி

என் அக்காவுக்கு இடது தோளில் வலி தொடங்கியிருக்கிறது. எனக்கு வலது தோளில் வந்த அதே வகை வலி. பகலில் எப்படியோ சமாளித்துவிடுகிறாள், இரவுதான் அவளைப் பாடாய்ப் படுத்துகிறது. "எந்தப் பக்கம் படுத்தாய்? எத்தனை தலையணை வைத்தாய்? நடுவில் விழித்துக்கொண்டால் என்ன செய்தாய்?" என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பாதி சொல்வதற்குள் இரண்டு பக்கமும் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். அதனால் அவளுக்காக முழுவதையும் எழுத உட்கார்ந்தேன். எழுதியதை எல்லோருக்குமாக இங்கே போடுகிறேன். இந்த வலியோடு விடிய விடிய விழித்திருப்பவர்கள் நிறையப் பேர்.

எனக்கு நூலகத்தில் வேலை. திரும்பி வரும் புத்தகங்களை அடுக்குவதும் அதில் ஒரு பகுதி. மேல்தட்டுக்கு எட்ட வேண்டுமானால் கையைத் தலைக்கு மேலே தூக்கியாக வேண்டும். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, சர்க்கரை நோயும் இருக்கிறது. முதலில் வந்தது ஒரு மந்தமான குடைச்சல். அதுவும் தோளில் இல்லை, சற்றுக் கீழே, மேல்கையின் வெளிப்புறத்தில் தடுப்பூசி போடும் இடத்தில். தோள் மூட்டில் கோளாறு இருக்கும்போது வலி அந்த இடத்தில் தெரிவது மிக வழக்கமாம். நாளாக ஆக முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோக முடியவில்லை, தலை வார எழவில்லை. படுக்கையில் கொஞ்சம் புரண்டாலும் தூக்கம் அடியோடு கலைந்தது.

மருத்துவர் என் முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு முன்கையை மெல்ல வெளிப்பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். நானாகத் திருப்பியபோதும் போகவில்லை, அவர் திருப்பியபோதும் போகவில்லை. அதைத்தான் அவர் தேடினார். தோளைச் சுற்றியுள்ள தசைநாண், அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் நார், கிழிந்திருந்தால் நோயாளியால் கையைத் தூக்க முடியாமல் போகலாம், ஆனால் இன்னொருவர் தூக்கிவிட்டால் பெரும்பாலும் மேலே போகும். மூட்டின் உறையே தடித்துச் சுருங்கிவிட்டால் யார் தூக்கினாலும் ஓரளவுக்கு மேல் நகராது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. இந்த நோயில் பெரும்பாலும் அப்படித்தான் என்றார்.

ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது உறைந்த தோள், என்பது இதன் பெயர். 1934-ல் எர்னஸ்ட் காட்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் வைத்தது. அதற்கு வெகு முன்பே, 1872-ல், டுப்ளே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் இதே போன்ற தோளை விவரித்திருக்கிறார். 40 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்களுக்கு அதிகம் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சர்க்கரை நோயும் தைராய்டு கோளாறும் இருப்பவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். வலி ஏறிக்கொண்டே போகும் கட்டம், வலி குறைந்து இறுக்கம் நிற்கும் கட்டம், மெல்ல மெல்ல இளகும் கட்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். எல்லாம் சேர்ந்து ஓரிரண்டு ஆண்டுகள் ஆகலாம், சிலருக்கு அதற்கும் மேலே போகும். இரவு வலி மிகக் கடுமையாக இருப்பது முதல் கட்டத்தில்தான். அக்கா இப்போது இருப்பது அங்கேதான். இந்தக் கட்டம் கடந்து போகும் என்பதை அவளிடம் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

இதைப் படிக்கும் எல்லோருக்கும் ஃப்ரோசன் ஷோல்டராக இருக்காது. தசைநாண் அழற்சி, கிழிசல், சுண்ணாம்புப் படிவு, மூட்டுத் தேய்மானம் என்று காரணங்கள் பல. சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் வேறு. இரவில் கையை எப்படி வைப்பது என்பது மட்டும் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவாகவே இருக்கிறது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மட்டும் தங்கள் மருத்துவர் சொன்ன முறையையே பின்பற்ற வேண்டும். தைத்த தசைநாண் ஆறும்வரை அவர்களுக்குத் தனி விதிகள் உண்டு.

இரவில் ஏன் வலி கூடுகிறது? பிசியோதெரபிஸ்ட் எனக்கு ஒரு பொம்மை எலும்பை வைத்துக் காட்டினார். தோளின் மேலே ஓர் எலும்பு முனை கூரைபோல் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கும் கீழே இருக்கும் மேல்கை எலும்பின் உருண்டைத் தலைக்கும் நடுவே உள்ள குறுகிய இடைவெளியில்தான் தசைநாணும், உராய்வைக் குறைக்கும் நீர்ப்பையும் இருக்கின்றன. பகலில் நிமிர்ந்திருக்கும்போது கையின் எடை கீழ்நோக்கி இழுப்பதால் அந்த இடைவெளிக்குக் கொஞ்சம் தளர்வு கிடைக்கிறது. படுத்ததும் அந்த இழுப்பு நின்றுபோகிறது. வலிக்கும் பக்கமே படுத்தால் உடம்பின் எடையும் சேர்ந்து அமுக்குகிறது. இன்னொன்று, அழற்சியை அடக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் உடம்பில் மிகக் குறைந்திருப்பது நள்ளிரவை ஒட்டிய நேரத்தில்தான். விடியற்காலையில் அது மறுபடி ஏறுகிறது. பகலில் மனத்தை இழுக்க ஆயிரம் வேலை இருக்கிறது, இருட்டில் வலி ஒன்றே துணை. இவை எல்லாம் சேர்ந்து தூக்கத்தைக் கெடுக்கின்றன. தூக்கம் கெட்டால் மறுநாள் அதே வலி இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஆகவேதான் தூக்கத்தைச் சரிசெய்வதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று நான் பிடிவாதமாகச் சொல்கிறேன். மருத்துவரிடம் போகும்போது "தோள் வலிக்கிறது" என்பதோடு நிறுத்தாதீர்கள். இரவில் எத்தனை முறை விழிக்கிறீர்கள், எந்தப் பக்கம் திரும்பினால் விழிக்கிறீர்கள், விழித்த பிறகு எவ்வளவு நேரம் ஆகிறது என்று சொல்லுங்கள். நான் அப்படிச் சொன்ன பிறகுதான் சிகிச்சையின் திசையே மாறியது.

இனி படுக்கைக்கு வருகிறேன்.

எல்லோரும் கேட்பது "எந்தப் பக்கம் படுப்பது?" என்றுதான். பக்கத்தைவிட முக்கியமானது மேல்கை எதன்மேல் இருக்கிறது என்பது. மல்லாந்து படுத்துப் பாருங்கள். மெத்தை தட்டையாக இருக்கிறது. தோள் மூட்டோ மெத்தையிலிருந்து சில விரற்கடை உயரத்தில் இருக்கிறது. மேல்கை அங்கிருந்து சரிந்து முழங்கை மெத்தையைத் தொடுகிறது. அதாவது கை முழுவதும் உடம்பின் தளத்துக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கிறது. நல்ல தோளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வீங்கி இறுகிய தோளின் முன்பக்கத்தை அந்தச் சரிவு மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஒருக்களித்துப் படுத்தால் கதை வேறு: மேலே இருக்கும் கை மார்புக்குக் குறுக்கே முன்னால் விழுந்து தோளின் பின்பக்கத்தை இழுக்கிறது. எப்படிப் படுத்தாலும் கைக்கு அடியில் ஏதாவது தாங்குதல் இல்லாவிட்டால் மூட்டுதான் அந்த எடையைச் சுமக்கிறது. முழுக் கையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. அறுபது கிலோ உள்ளவருக்கு மூன்று கிலோ வரும். அந்த மூன்று கிலோவை இரவு முழுவதும் அந்தரத்தில் விடக்கூடாது.

மல்லாந்து படுக்கும்போது நான் செய்தது இது. ஒரு குளியல் துண்டை நீளவாக்கில் மடித்து, அக்குள் பக்கத்திலிருந்து முழங்கை வரை மேல்கைக்கு அடியில் வைத்தேன். முழங்கைக்கு மட்டும் வைத்தால் போதாது, மேல்கை முழுவதும் அதன்மேல் படிய வேண்டும். உயரம் சரியா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் கீழே தாழ்த்திப் பாருங்கள், முழங்கை கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அது இன்னும் பின்னால் சரிந்திருக்கிறது, இன்னொரு மடிப்பு வையுங்கள். தோள் காதை நோக்கித் தள்ளப்படுகிறது என்றால் உயரம் அதிகம், ஒரு மடிப்பைப் பிரியுங்கள். மேல்கையை விலாவோடு இறுக்கி ஒட்டவும் வேண்டாம், விரிக்கவும் வேண்டாம். நடுவில் ஓர் உள்ளங்கை அகலம் இருந்தால் மூட்டு தளர்வாக இருக்கும். முன்கையை மடக்கி வயிற்றின்மேல் வைத்துக்கொள்வேன். வயிற்றின்மேல் வைப்பதே சிலருக்கு வலிக்கும். அவர்கள் வயிற்றின்மேல் ஒரு சிறு தலையணையை வைத்து அதன்மேல் கையை வைக்கலாம்.

துண்டுக்குப் பதிலாகத் தலையணை வைக்கலாமா என்று அக்கா கேட்டாள். தாராளமாக வைக்கலாம். ஆனால் பஞ்சுத் தலையணை நள்ளிரவுக்குள் அமுங்கிவிடுகிறது, துண்டு அமுங்குவதில்லை. மடிப்பைக் கூட்டிக் குறைப்பதும் துண்டில்தான் எளிது. நான் கடைசிவரை துண்டையே வைத்துக்கொண்டேன்.

வலியில்லாத பக்கம் ஒருக்களித்துப் படுப்பதானால் கட்டிக்கொள்ள ஒரு தலையணை வேண்டும், அதுவும் தடிமனானதாக. மெலிந்த தலையணையைக் கட்டிக்கொண்டால் கை அதைத் தாண்டிக் கீழே சரியும். சரியான உயரத்தில் மேல்கை தரைக்கு இணையாக இருக்கும். மணிக்கட்டும் விரல்களும் தலையணையின் மேலேயே இருக்க வேண்டும். மணிக்கட்டு விளிம்பைத் தாண்டித் தொங்கினால் அந்த எடையும் தோளுக்குத்தான் போகிறது. நான் ஒரு பெரிய தலையணையை நீளவாக்கில் வைத்து, முழங்கையையும் மணிக்கட்டையும் ஒருசேர அதன்மேல் கிடத்தினேன். முழங்கையை அதிகம் மடக்காமல் வைப்பது நல்லது. மடக்கியே தூங்கினால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும், முழங்கையின் பின்னால் ஓடும் நரம்பு இழுபடுவதால்.

அடியில் இருக்கும் நல்ல தோளையும் மறக்கக்கூடாது. எல்லா இரவும் ஒரே பக்கம் படுப்பதால் அதற்கும் வலி வரலாம். இந்த நோயே சிலருக்குப் பின்னாளில் மறு தோளிலும் வருவதுண்டு. தோளின் முனையில் நேராக எடை விழாதபடி, அடித்தோளைச் சற்று முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு படுங்கள். அப்போது எடை தோள்பட்டையின் அகலமான பகுதியில் பரவும். தலையணையின் உயரமும் இங்கேதான் கணக்கில் வருகிறது. ஒருக்களிக்கும்போது காதுக்கும் மெத்தைக்கும் நடுவே தோளின் அகலம் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. அதை நிரப்பும் உயரம் வேண்டும். குறைந்தால் தலை தொங்கி முழு எடையும் தோளில் இறங்கும். மல்லாந்தால் அவ்வளவு உயரம் வேண்டாம், கழுத்து முன்னால் மடங்கிவிடும். இரவில் இரண்டு விதமாகவும் படுப்பவர்கள் ஒரு மெல்லிய தலையணையும், பக்கத்தில் இன்னொன்றும் வைத்துக்கொண்டால் திரும்பும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

மிக மோசமான வாரங்களில் இவை எதுவும் எனக்குப் போதவில்லை. தட்டையாகப் படுக்கவே முடியவில்லை. அப்போது முதுகைச் சாய்த்து, பாதி உட்கார்ந்த நிலையில் தூங்கினேன். சாய்வு நாற்காலி உள்ளவர்களுக்கு இது எளிது. இல்லாதவர்கள் கட்டிலின் தலைமாட்டில் தலையணைகளைச் சரிவாக அடுக்கிக்கொள்ளலாம். செங்குத்தாக அடுக்கினால் இடுப்பு மடங்கி முதுகு வலிக்கும். இடுப்பிலிருந்தே சரிவு தொடங்க வேண்டும். முழங்காலுக்கு அடியிலும் ஒரு தலையணை வைத்தால்தான் விடிவதற்குள் கீழே வழுக்கி வராமல் இருப்போம். மேல்கைக்கு அதே துண்டு, அதே உயரம். இந்த நிலையில் கையின் எடை மறுபடி கொஞ்சம் கீழ்நோக்கி இழுப்பதால்தான் தோளுக்கு ஆறுதல் கிடைக்கிறது என்று நினைக்கிறேன். எப்படியோ, எனக்கு முதன்முதலாக நீண்ட தூக்கம் வந்தது இப்படித்தான். இது நிரந்தர ஏற்பாடு ஆக வேண்டியதில்லை. வலி குறையக் குறையத் தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

கட்டிலில் எந்த ஓரம் என்பதும் ஒரு பெரிய கேள்வி. தனியாகப் படுப்பவர்களுக்குத் தொல்லை இல்லை. நானும் என் கணவரும் இதைப் பற்றி உட்கார்ந்து பேசினோம். வலிக்கும் கை அவர் பக்கம் இருந்தால் தூக்கத்தில் அவர் கை பட்டுவிடும். வெளி ஓரத்தில் இருந்தால் யாரும் இடிக்க மாட்டார்கள், ஆனால் எழுந்திருப்பது கொடுமை. ஏனென்றால் படுக்கையிலிருந்து எழ வலியில்லாத பக்கம் புரண்டு, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, நல்ல கையை ஊன்றித்தான் எழ முடியும். அதற்கு நல்ல கை ஓரத்தில் இருக்க வேண்டும். கடைசியில் நல்ல கை ஓரம், வலிக்கும் கை அவர் பக்கம், இரண்டு பேருக்கும் நடுவே ஒரு நீளத் தலையணை என்று முடிவு செய்தோம். அந்தத் தலையணை அவரைத் தடுத்தது, தூக்கத்தில் நான் வலிக்கும் பக்கம் புரளாமலும் தடுத்தது. அவர் தன் போர்வையைத் தனியாக வைத்துக்கொண்டார். ஒரே போர்வையை இருவர் இழுக்கும்போது தோள் படும் பாடு அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். தண்ணீர், கைப்பேசி, விளக்குச் சுவிட்சு எல்லாம் நல்ல கைக்கு எட்டும் பக்கம் வந்தன. அக்கா, உனக்கு இடது தோள், ஆகவே எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்.

குப்புறப் படுப்பதும், கையைத் தலைக்கு அடியில் மடித்து வைப்பதும் இந்த நோய் தீரும்வரை வேண்டவே வேண்டாம். தலைக்கு மேலே கையைத் தூக்கிப் போட்டுத் தூங்கும் பழக்கமும் அப்படியே.

கழுத்திலிருந்து துணியால் தொட்டில் கட்டிக் கையை அதில் வைத்துத் தூங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மருத்துவர் சொன்னாலன்றி வேண்டாம். இறுகிக்கொண்டிருக்கும் மூட்டை இன்னும் அசையாமல் கட்டி வைப்பது இறுக்கத்தைத்தான் வளர்க்கும்.

படுக்கப்போகும் முன் ஒரு சின்ன வழக்கம் எனக்குப் பெரிதும் கைகொடுத்தது. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றித் தோளில் கால் மணி நேரம் வைப்பேன். சிலருக்குச் சூட்டைவிடக் குளிர் ஒத்துக்கொள்ளும், அவர்கள் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி வைக்கலாம். சர்க்கரை நோயால் உணர்வு மழுங்கியவர்கள் சூட்டை மற்றவர் கையால் சோதித்துக்கொள்வது அவசியம். பிறகு மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தளரத் தொங்கவிட்டு, உடம்பை அசைத்து அந்த அசைவிலேயே கை சிறு வட்டமாக ஆடும்படி விடுவேன். தோளின் தசையால் சுழற்றக்கூடாது, உடம்பு ஆட, கை தானே ஆட வேண்டும். இது காட்மன் காலத்திலிருந்தே சொல்லப்படும் பயிற்சி. இதற்கு மேல் இழுத்து நீட்டும் பயிற்சிகளைப் படுக்கும் நேரத்தில் நான் செய்வதில்லை. அவற்றைக் காலையில், உடம்பு சூடான பிறகு வைத்துக்கொண்டேன். இரவில் இழுத்தால் அன்றிரவே தோள் பதில் சொல்லும்.

உடை மாற்றுவதிலும் வரிசை உண்டு. போடும்போது வலிக்கும் கை முதலில், கழற்றும்போது வலிக்கும் கை கடைசியில். இரவு உடை முன்பக்கம் பொத்தான் வைத்ததாக இருந்தால் தலைவழியாக மாட்ட வேண்டியதில்லை. படுப்பதற்குச் சற்று முன்னால் தோளைச் சீண்டிவிட்டால் அடங்க வெகுநேரம் ஆகும், அதனால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

வலி மாத்திரையைப் பற்றி ஒன்று மட்டும். எது, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எப்போது என்பதை அவரிடம் கேட்டுப் பெறுங்கள். காலையும் மாலையும் விழுங்கிவிட்டு, வலி உச்சமாகும் நள்ளிரவில் மருந்தின் வேகம் தீர்ந்துபோயிருந்தால் என்ன பயன்? என் மாத்திரை நேரத்தை மருத்துவர் படுக்கும் நேரத்தை ஒட்டி மாற்றிக் கொடுத்தார். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை நாமாக நாள்கணக்கில் விழுங்குவது ஆபத்து. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் கட்டாயம் கேட்டுவிட்டே தொட வேண்டும். சர்க்கரை நோயாளிகள் சிறுநீரகத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி முதல் கட்டத்து வலியை நன்றாகத் தணிக்கக்கூடியது. எனக்கும் போட்டார்கள். இரவுகள் கணிசமாக எளிதாயின. ஊசி போட்ட பிறகு சில நாட்கள் இரத்தச் சர்க்கரை ஏறும் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். ஏறத்தான் செய்தது, அடிக்கடி பார்த்துக்கொண்டேன், இறங்கியது.

இவ்வளவும் செய்தும் நடுவில் விழிப்பு வரும். வந்தால் படுத்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதீர்கள். எழுந்து உட்காருங்கள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து முன்னால் குனிந்து கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுங்கள். நகர்ந்துபோயிருக்கும் துண்டை மறுபடி மடித்து வையுங்கள். பெரும்பாலும் விழிப்புக்குக் காரணமே அது நகர்ந்ததுதான். மணி பார்ப்பதை விட்டுவிட்டேன். "இன்னும் எத்தனை மணி நேரம் மிச்சம்" என்று கணக்குப் போடத் தொடங்கினால் இருக்கிற தூக்கமும் போய்விடும். மூச்சை நிதானமாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விட்டுக்கொண்டிருப்பேன். மூச்சு வெளியேறும்போது தோள் தானாகக் கீழே இறங்குவதைக் கவனிப்பேன். வலிக்குப் பயந்து தோளைக் காதுவரை தூக்கி இறுக்கிக்கொண்டே தூங்குகிறோம், அந்த இறுக்கம் கழுத்துக்கும் பரவுகிறது. அதைத் தளர்த்தினாலே பாதி நிம்மதி.

பகல் வேலை இரவில் எதிரொலிக்கும். மேல்தட்டுப் புத்தகங்களை அடுக்கிய நாள்களில் என் இரவு நிச்சயமாக மோசமாக இருந்தது. அதைச் சொன்னதும் சக ஊழியர்கள் மேல்தட்டை எடுத்துக்கொண்டு, இடுப்பு உயரத் தட்டுகளை எனக்கு விட்டார்கள். தோளை முற்றிலும் அசைக்காமல் வைத்திருப்பதும் கூடாது. வலி அனுமதிக்கும் எல்லைக்குள் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அக்கா, இந்தப் பத்தியை மட்டும் நீ இரண்டு முறை படி. உன் வலி இடது தோளில். தோளை அசைத்தால் வலிப்பதும், குறிப்பிட்ட பக்கம் படுத்தால் வலிப்பதும் தோளின் வலி. தோளை அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் மாறாமல், மார்பில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி இவற்றோடு வந்தால் அது இதயமாக இருக்கலாம். தலையணையைச் சரிசெய்துகொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். வலது தோளுக்கும் ஒன்று உண்டு: பித்தப்பைக் கோளாறின் வலி வலது தோளில் தெரியலாம். தோள் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலும், விழுந்து அடிபட்ட பிறகு கையைத் தூக்கவே முடியாமல் போனாலும், கை மரத்துப் பலமிழந்தாலும் காத்திருக்கக்கூடாது. எப்படி வைத்தாலும் துளியும் குறையாத இரவு வலியோடு காரணமில்லாமல் எடை குறைந்தால், அதையும் மருத்துவரிடம் தாமதிக்காமல் சொல்ல வேண்டும்.

வலித்த பக்கம் மறுபடி எப்போது படுக்கலாம் என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். அவசரப்பட வேண்டாம். முதலில் பகல் வலி போக வேண்டும், கை ஓரளவு சுழல வேண்டும். அதன் பிறகு நான் தூங்குவதற்கு முன், விழித்திருக்கும்போதே, வலது பக்கம் சில நிமிடங்கள் படுத்துப் பார்த்தேன். தோள் முனையில் எடை விழாமல் தோளை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, முதுகுக்கு ஒரு தலையணையை அண்டைக் கொடுத்து, பாதி மல்லாந்த வாக்கில். மறுநாள் காலை வலி கூடவில்லை என்றால் அடுத்த நாள் இன்னும் கொஞ்ச நேரம். கூடியிருந்தால் சில நாட்கள் விட்டுவிட்டு மறுபடி. இப்போது வலது பக்கமும் தூங்குகிறேன். மல்லாந்து படுக்கும் இரவுகளில் மேல்கைக்கு அடியில் அந்தத் துண்டை வைக்கும் வழக்கத்தை மட்டும் விடவில்லை, வலி இல்லாத தோளுக்கும் அது சுகமாகவே இருக்கிறது.